பாலம் இல்லாத பிள்ளை

ஸ்கேன் எடுக்கிற வேலையில் பாதி படத்தைப் பார்ப்பது, மீதி நம் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்கேன் அறை வாசலில் நெளிந்துகொண்டிருந்தவர்களே, உள்ளே வந்ததும் நீங்கள் திரையையா பார்த்தீர்கள்? டாக்டர் முகத்தைத்தானே! தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் அப்படிப் பார்க்கப்பட்ட முகம் என்னுடையது.

தலையில் நீர்

வள்ளியூர் இசக்கியம்மாளுக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. "பிள்ளை தலையில நீர் கொஞ்சம் கூடுதலா இருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றேன். நான் சொன்னது மூளைக்குள் எல்லோருக்கும் இருக்கிற நீரை. கூட வந்த மாமியார் அதைச் சளி பிடித்துத் தலை கனக்கிற நீர்க்கோவை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மறுமுறை அவர்கள் வந்தபோது அறை முழுக்க நொச்சி வாசனை. வீட்டில் மருமகளைப் போர்வைக்குள் உட்கார்த்தி, நொச்சித்தழை கொதிக்கிற ஆவியில் வேது பிடிக்க வைத்திருக்கிறார். "தலைக்கு ஊத்தவே விடலம்மா. நீரு வத்தியிருக்கும், நல்லாப் பாருங்க."

பாலம்

வற்றவில்லை. காரணம்தான் பிடிபட்டது. மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கும் நரம்புப் பட்டையைக் காணோம். புத்தகத்தில் படித்ததோடு சரி, அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. மதுரையில் ஒரு மூத்த டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலர் நன்றாகவே வளர்வார்கள், சிலர் ரொம்பக் கஷ்டப்படுவார்கள். இந்தப் பிள்ளை எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுவில் பாலம் இல்லை என்று விளக்கினேன். இசக்கியம்மாள் அழுதாள். அவள் கணவர் முருகன், லாரி டிரைவர், படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாலம் இல்லாத ஊர்க்காரன் ஆத்துல எறங்கிப் பைய அக்கரைக்குப் போவாம்லா டாக்டரம்மா?"

பொத்தான்

பெண் பிறந்தாள். நடக்க நாளாயிற்று, பேச அதைவிட நாளாயிற்று. ஒரு கை செய்வதற்கு மறு கை ஒத்துவராது. இசக்கியம்மாள் அவளைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் பஸ் ஏறி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கைகால் பயிற்சிக்கு வந்தாள். தன் பழைய ரவிக்கையில் பெரிய பெரிய பொத்தானாகத் தைத்து, போடவும் கழற்றவும் பழக்கினாள். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், புதுச் சீருடையைக் காட்ட மகளைக் கூட்டி வந்தாள். மேல் பொத்தான் கழன்றிருந்தது. பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினாள். இரண்டு கையும் இரண்டு திசைக்குப் போயின. எனக்குப் பொறுக்கவில்லை, கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டாள். "நானே போடுதேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

அன்றிலிருந்து நான் என் சோலியைத்தான் பார்க்கிறேன்: படத்தில் இருப்பதைச் சொல்வேன், பிள்ளை எப்படி வரும் என்று ஜோசியம் மட்டும் சொல்ல மாட்டேன்.