ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட்

சித்திக்குச் சேலை எடுப்பாக இல்லை என்று கனடாவிலிருந்து செய்தி வந்தது. சொன்னது மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளையின் தமக்கை. அனுப்பிய படத்தில் பெண் பழைய காலத்துப் பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி இருக்கிறாளாம். வந்து இறங்கப்போவது இலையுதிர் காலத்தில் என்பதால், அதற்கேற்ற உடுப்போடு இன்னொரு படம் வேண்டுமாம். கொழும்புக்கு வந்த யாரோ ஒருவர் கையில் உடுப்புப் பொதியும் வந்து சேர்ந்தது.

அது யுத்த காலம். அம்மாவின் தங்கையான சித்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு தங்கியிருந்தாள். வெளியே போனால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, ஆயிரம் கேள்வி. ஆகவே போவதில்லை. மாதக்கணக்காக யன்னல்தான் அவளுக்குக் கொழும்பு.

பொதிக்குள் நீல டெனிம் ஜாக்கெட் ஒன்றும், முழங்கால் வரை நீண்ட மண்ணிறக் கோட்டும், கழுத்துக்கு ஒரு சால்வையும் இருந்தன. போடும் முறையைத் தமக்கை தொலைபேசியில் விளங்கப்படுத்தினார். மெல்லிய சட்டைக்கு மேல் டெனிம், அதற்கு மேல் கோட். பொத்தான் பூட்டக்கூடாது. உள்ளே இருப்பது கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். சால்வையை ஏனோதானோ என்று போட்டதுபோல் விட வேண்டும், ஆனால் ஏனோதானோ என்று போடக்கூடாது.

"மாடு வாங்கிற மாதிரியெல்லோ பாக்கினம்," என்று சித்தி அம்மாவிடம் பொரிந்தாள். ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். கோட்டின் கையை மடித்து, உள்ளேயிருந்த நீலம் தெரிய விட்டபோது, கண்ணாடிக்குள் நின்றவளை அவளுக்கே பிடித்துப்போயிற்று. எனக்கும்தான்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம் ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டோம்.

"உந்தக் கோட்டுகளைப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு வாரும். அங்க போய்ப் போடலாம்," என்றார் அப்பா.

"கசங்கிப்போகும், அத்தான். இந்தா கிடக்கிற ஸ்டூடியோதானே."

எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் இடத்தில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது நான் தினமும் கடக்கிற இடம். அன்றைக்கு, "நவத்தின்ன," என்று ஒரு சத்தம் கேட்டது. நில் என்று அர்த்தம். மீசை சரியாக அரும்பாத ஒரு சிப்பாய், துப்பாக்கியைச் சித்தியின் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான். கொழும்பு வெக்கையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு வருகிற தமிழ்ப் பெண் உள்ளே குண்டு கட்டியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். வீதியில் நின்ற சனம் விலகி ஓடியது. பழக்கடைக்காரர் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தார்.

பெண்களைச் சோதிக்கிற பெண் சிப்பாய் அந்த நேரம் அங்கே இல்லை. கிட்ட வராமல், நின்ற இடத்திலேயே கழற்று என்றான். சித்தி சால்வையை எடுத்துக் கீழே போட்டாள். கோட்டை மழைத்தண்ணீரில் போட்டாள். அதற்கு மேல் டெனிமைப் போட்டாள். பிறகு, சட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றச் சொன்னான். மறித்து வைத்திருந்த பஸ்ஸுக்குள்ளிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சித்தி வயிறு தெரியச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி மெல்லச் சுற்றினாள். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அப்போதுதான் அப்பா சிரித்தார்.

"மே நங்கிட்ட பிஸ்ஸு, மாத்தயா," என்றார். இந்தத் தங்கச்சிக்குப் பைத்தியம், ஐயா. கனடா மாப்பிள்ளை சரிவந்த நாள் தொடக்கம் வெள்ளவத்தையிலேயே குளிருதாம் என்று சிங்களத்தில் சொல்லி, தோளைக் குறுக்கி நடுங்கியும் காட்டினார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த இன்னொரு சிப்பாய் சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு இவனும் சிரித்தான். துப்பாக்கி இறங்கியது. அப்பா நிறுத்தவில்லை. தம்பி என்று கூப்பிட வேண்டிய வயதுப் பொடியனை மாத்தயா, மாத்தயா என்று கூப்பிட்டு, சித்தி கண்ணாடி முன்னால் நிற்கிற விதத்தை நடித்துக்கொண்டிருந்தார். சிப்பாயைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பற்றி எரிந்தது.

போகச் சொல்லிவிட்டார்கள். சித்தி போகவில்லை. டெனிமை எடுத்து உதறி மாட்டிக்கொண்டாள். நனைந்த கோட்டை அதன்மேல் போட்டாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே கையை மடித்து நீலத்தை வெளியே எடுத்துவிட்டு, சால்வையையும் போட்டாள்.

"வீட்ட போவம், பிள்ளை," என்றார் அப்பா.

"படம் எடுக்கத்தானே வந்தனாங்கள்."

ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் சிரியுங்கோ, தங்கச்சி," என்றார்.

"சிரிக்கிறதுக்கு அத்தான் இருக்கிறார். நீங்கள் எடுங்கோ."

அந்தப் படத்தில் சித்தி கமெராவைக் கொல்லுவதுபோல் பார்க்கிறாள். கனடாத் தமக்கைக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இதல்லவோ ஸ்டைல் என்றாராம்.

திரும்பி வரும்போது அப்பா கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. சித்தியோடு பின்னால் நடந்தேன். அப்பாவின் வெள்ளைச் சேட்டு முதுகெல்லாம் நனைந்து, உள் பெனியனோடு ஒட்டிப்போயிருந்தது. மழை எப்போதோ விட்டிருந்தது. இரண்டு ஜாக்கெட் போட்டிருக்கிற சித்திக்கு வியர்த்தால் நியாயம் இருக்கிறது, வெறும் சேட்டோடு நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்த இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று, இன்னும் கூடிய கோபத்தோடு நினைத்துக்கொண்டேன்.