குழாயில் ஒரு துளை

குறிஞ்சிப்பிட்டியில் வெல்டிங் வேலை செய்யும் மெலிந்த மனிதர் அவர். எந்த இரும்பையும் ஒட்டுமுன் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பார். எனக்கு அருவருப்பாக இருக்கும்.

பழைய லொறிச் சக்கரத்தின் மேல் தடித்த குழாயை நிறுத்தி, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸைப் பூட்ட ஒரு தாங்கி கேட்டிருந்தேன். ஆடாமல் நிற்கட்டும் என்று குழாய் நிறைய மணலை நானே அடைத்திருந்தேன். மூடித் தகட்டை வைக்கப் போனவர், மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நக்கினார்.

“கடல் மண்ணா தம்பி?”

“ஓம் நானா. மூணு நாள் வெயில்ல காஞ்சது.”

“காஞ்ச மாதிரிதான் ஈக்கும். உப்பு ஈரத்த உடாது. மூடி ஒட்டினா வெடிக்கும். கொட்டிட்டு நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு ஏலாது நானா. இப்பவே வேணும்.”

அவர் குழாயில், மூடி வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு துளை போட்டார்.

“அந்த மதிலுக்கு அங்கால போய் நில்லுங்க.”

போய் நின்றேன். அவர் குனிந்து ஒட்டினார். பாதியில் துளையிலிருந்து ஆவி சீறியது. அவர் கை அசையவில்லை.

தாங்கி இன்றும் என் முற்றத்தில் உறுதியாக நிற்கிறது. அந்தத் துளை போதும் என்று அவர் நம்பியிருந்தால், என்னை ஏன் மதிலுக்கு அப்பால் அனுப்பினார்?