துணி காயும் ஏரியல்

கூரைமேல் நான் நட்டிருந்த மூங்கில் கம்பத்தை இரண்டாக அறுத்து எங்கள் வாசற்படியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் வேலையிலிருந்து திரும்பியபோது மழை விட்டிருந்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து இழுத்துக் கட்டியிருந்த செம்புக் கம்பியை மட்டும் யாரோ ஒழுங்காக வளையமாகச் சுருட்டி, அறுத்த துண்டுகளின் மேல் வைத்திருந்தார்கள். அறுக்கச் சொன்னவர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர். சுருட்டி வைத்தது அவர் அனுப்பிய கூலியாட்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு என் நன்றி. கம்பி இல்லாவிட்டால் இதில் எதுவும் நடந்திருக்காது.

நாங்கள் போர்ட் பிளேரில், மின்னி பே என்ற பகுதியில், நான்கு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்த ஒரு மர வரிசையில் கடைசி வீட்டில் குடியிருந்தோம். அப்பா ஸ்டோர்கீப்பர், அந்த ஓவர்சியரின் இலாகாவிலேயே. நான் மெட்ராஸில் ரேடியோ இன்ஜினியரிங் டிப்ளமோ முடித்துவிட்டுக் கப்பலேறித் திரும்பி வந்தவள். ரேடியோ படித்த பெண்ணுக்கு இங்கே கிடைத்தது வரைபடங்களை டிரேஸ் எடுக்கும் வேலை. பகலில் மற்றவர்கள் போட்ட பாலங்களையும் கழிவறைகளையும் மெழுகுத் துணியில் படி எடுத்தேன். மாலையில் என் சொந்த வேலையைப் பார்த்தேன்.

சொந்த வேலை என்றால், இரண்டு வால்வு வைத்து நானே கட்டிய ஒரு ரிசீவர். வால்வுகளும் ஹெட்போனும் மெட்ராஸில் பழைய ராணுவச் சாமான் விற்கிற கடைகளில் வாங்கியவை. காயிலைச் சுற்றியது மாத்திரை டப்பாவின் மேல். சால்டரிங் அயர்னை ஸ்டவ்வில் காய்ச்சித்தான் பற்றவைத்தேன். பாட்டு கேட்பதற்காக அதைக் கட்டவில்லை. தாங்களே செய்த டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு, ஊர் ஊராக ஒருவரோடொருவர் மோர்ஸ் தட்டிப் பேசிக்கொள்கிற அமெச்சூர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்று விரும்பினேன். அதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஒரு பரீட்சை. அதில் மோர்ஸைக் காதால் கேட்டு எழுதிக் காட்ட வேண்டும். கேட்டுப் பழக ரிசீவர் வேண்டும். ரிசீவருக்கு ஏரியல் வேண்டும், அதுதான் அந்த மூங்கில் கம்பமும் கம்பியும். பரீட்சை மெட்ராஸில். மழைக்காலம் முடிந்ததும் அப்பா ஆபீஸ் வேலையாக அங்கே போவதாக இருந்தது, என்னையும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். தனியாக அனுப்ப மாட்டார்கள். எனவே அந்தக் கப்பலை விட்டால் எனக்கு வேறு கப்பல் இல்லை.

மறுநாள் காலை ஓவர்சியரின் அறைக்குப் போனேன். மதுரைப் பக்கத்துக்காரர், இந்தத் தீவுகளில் பல வருடம் இருந்து பேச்சில் பாதி ஹிந்தியாகிவிட்டவர்.

"தேக்கோம்மா," என்றார். "அந்தக் கம்பம் இடியக் கூப்பிடும். ஒண்ணு. சர்க்காரி பில்டிங்ல பர்மிஷன் இல்லாம ஏதும் கட்டக் கூடாது. ரெண்டு."

"மூணு இருக்கா சார்?"

அவர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைத் திருப்பி வைத்தார். "வயசுப் பொண்ணு தகரத்து மேல ஏறி நின்னா நாலு பேரு பாக்க மாட்டாங்களா?"

"பார்த்தாங்க சார். அதுல ஒருத்தர் ஏணியப் பிடிச்சுக்கிட்டாரு."

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இடிக்கு, கம்பியை பூமியோடு இணைக்கும் ஸ்விட்ச் ஒன்றை ஜன்னலருகே வைத்திருந்தேன். பர்மிஷனுக்கு, மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் இரண்டையும் காதில் வாங்கவில்லை. மூன்றாவதுதான் விஷயம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழுந்து வந்துவிட்டேன்.

அப்பா அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவன் நெனச்சா குவார்ட்டர்ஸையே கேன்சல் பண்ணிடுவான். கப்பல் வர்ற வரைக்கும் சும்மா இரேன்."

"கப்பல் வர்ற வரைக்கும்தாம்ப்பா எனக்கு வேணும்."

அவர் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தடை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வரிசைக்குப் பின்னால், நான்கு வீட்டின் நீளத்துக்கும், இரண்டு படாக் மரத் தூண்களுக்கு இடையில் துணி காயப்போடும் இரும்புக் கம்பி ஒன்று ஓடியது. நான்கு வீட்டுக்கும் பொது. வருடத்தில் பெரும்பகுதி மழையும், மீதி நாளில் கடல் காற்றும் பட்டு, அதைத் தொட்டாலே துரு கையில் வரும். அந்தத் துருக்கறையைத் திட்டாத பெண் அங்கே இல்லை. அதன் நீளத்தை அளந்தேன். அறுபத்தெட்டு அடி. எனக்கு வேண்டிய நாற்பது மீட்டர் அலைக்கு, அதில் பாதி நீளமான அறுபத்தாறு அடிக் கம்பி போதும். மீதி இரண்டடிக்கு இரு முனையிலும் பீங்கான் உருளையும் கயிறும்.

ஒளித்துச் செய்ய எனக்கு மனமில்லை. முதல் வீட்டு வங்காளி அம்மாளிடம்தான் முதலில் கேட்டேன். வரிசையில் எல்லோருக்கும் அவர் தீதி. துருப்பிடிக்காத செம்புக் கம்பி போடுகிறேன், அதன் ஒரு முனையிலிருந்து என் ஜன்னலுக்கு ஒரு ஒயர் வரும், ரேடியோவுக்கு, என்றேன்.

"கானா ஆயேகா?" என்று கேட்டார். பாட்டு வருமா என்று.

"நஹி தீதி. சிர்ஃப் டிக் டிக்."

"தோ க்யா ஃபாய்தா?" என்று உதட்டைப் பிதுக்கினார். பாட்டு வராத ரேடியோவால் என்ன பிரயோஜனம் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் துரு போகும் என்பதால் ஒத்துக்கொண்டார். இரண்டாம் வீட்டு ராமநாதபுரத்து அக்கா, "கறை போனாச் சரி புள்ள, நீ அதுல டிக்கு டிக்குனு என்ன வேணா பண்ணு" என்றார். மூன்றாவது வீட்டில் அப்போது ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பியை மாற்றினோம். அன்று மாலை ஹெட்போனை மாட்டியபோது, மூங்கில் கம்பத்தில் கேட்டதைவிடத் தெளிவாக, யாரோ ஒருவர் தன் ஊர்ப் பெயரை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஆறு எழுத்தில் நான்கைப் பிடித்தேன்.

ஈரத்துணி தொங்கினால் சத்தம் மங்கிப் போகும். காற்றடித்துத் துணி ஆடினால் மோர்ஸின் சுருதியும் கூடவே ஆடும். நாளடைவில் ஜன்னலைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்: குழைந்து குழைந்து போனால் அது தீதியின் புடவை, வெடுக் வெடுக்கென்று துள்ளினால் குழந்தைகளின் நிக்கர்கள். இங்கே ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அலை நன்றாக வருவதும் அந்நேரத்தில்தான். ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பிள்ளைகள் டீ குடித்து முடிப்பதற்குள் துணியெல்லாம் உள்ளே போய்விட வேண்டும். பதிலுக்கு வரிசையில் எந்த வீட்டு இஸ்திரிப்பெட்டி கெட்டாலும், ஃப்யூஸ் போனாலும் நான் பார்த்துக் கொடுப்பேன்.

மூன்றாவது வாரம் அக்கா ஒரு வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கணவருக்கு ஹார்பரில் வேலை, வெள்ளை யூனிபார்ம்.

"ஏ புள்ள, இங்க பாரு. எங்க வீட்டு மனுசன் நெஞ்சுல பச்சைக் கோடு. கப்பலுக்கு, சரக்கு இம்புட்டுத்தான் ஏத்தலாம்னு கோடு போட்டிருப்பாகள்ல, அது மாதிரி. 'என்ன அண்ணே, லோடு ஏறிடுச்சா'ன்னு ஹார்பரே சிரிக்குதாம்."

களிம்பு. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உப்புக் காற்றில் கம்பி பச்சை பூத்திருந்தது. நான் கம்பியின் தடிமனைக் கணக்குப் பார்த்தேன், நீளத்தைக் கணக்குப் பார்த்தேன், சமையலறையை எண்ணிப் பார்க்கவில்லை. சட்டையை எலுமிச்சம்பழம் போட்டு நானே துவைத்தேன். அபர்தீன் பஜாரில் படகுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி வந்து, மழை விட்ட இரண்டு நாளில் கம்பி முழுக்க இரண்டு பூச்சு அடித்தேன். பெயின்ட் பூசினாலும் அலை நுழையும். களிம்பு வெளியே வராது.

ஆனால் ஹார்பர் சிரித்தது ஓவர்சியரின் காதுக்கும் போய்விட்டது.

அவர் ஒரு மாலை, கட்டிங் பிளேயர் வைத்திருந்த ஒரு ஆளோடு பின்பக்கமாக வந்தார். துணியெல்லாம் எடுத்தாகிவிட்டது. வெறும் கம்பி. அதிலிருந்து என் ஜன்னலுக்கு ஒயர். நான் ஹெட்போனும் பென்சிலுமாக உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"இது என்ன?" என்றார் ஜன்னலுக்கு வெளியே நின்று.

"ஒரு நிமிஷம் சார், வந்துக்கிட்டு இருக்கு," என்றேன்.

எழுதி முடிக்கும்வரை அவர் நிற்க வேண்டியதாயிற்று. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"இது ஏரியல்தானே?"

"ஆமா சார். துணிக்கம்பியும்தான்."

"துணிக்கம்பின்னா துணி எங்க? துணி இருந்தாத்தான் துணிக்கம்பி. இல்லேன்னா இது பர்மிஷன் இல்லாத ஏரியல். காட்டோ, வெட்டு," என்றார் அந்த ஆளிடம்.

பிளேயரைப் பிடித்திருந்தவர் தூண் பக்கம் ஒரு அடி வைத்தார். நான் தூணுக்கு முன்னால் போய் நின்றேன். எதிர்த்து நிற்பது என்று முன்கூட்டியே நினைத்ததில்லை. கால் போன இடம் அது. அதற்குள் தீதி கதவைத் திறந்துகொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கம்பியின் நடுவில் போட்டார்.

"லோ. கப்டா," என்றார். இதோ துணி.

"ஒரு துண்டு காயறதுக்கு அறுபது அடிக் கம்பியா?" என்றார் ஓவர்சியர். பிறகு துண்டைத் தொட்டுப் பார்த்தார். "இது காஞ்சுதான இருக்கு?"

"துணி காயத்தான சார் கம்பி. காஞ்சிருச்சு," என்றார் அக்கா, தன் வாசலில் இருந்தபடியே. "நீங்க வெட்டுறதா இருந்தா வெட்டுங்க. ஆனா நாளைக்கு விடியக்காலையில நாலு வீட்டுத் துணியும் உங்க ஆபீஸ் வராந்தாவுலதான் காயும். பாவாடை உள்பாவாடை எல்லாம் சேத்துத்தான்."

பிளேயர் வைத்திருந்தவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓவர்சியர் என்னைப் பார்த்தார்.

"உங்கப்பா கிட்ட பேசிக்கிறேன்."

"கம்பி போட்டது நான் சார். என்கிட்டயே பேசலாம்."

அவர் போய் அப்பாவிடம் பேசினார். அப்பா அதை என்னிடம் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்கப் பாதிச் சோற்றிலேயே எழுந்தார். வீடு கேன்சல் ஆகும் என்கிற பயம் எனக்கும் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு மாலையும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஒவ்வொரு மாலையும் கம்பியின் நடுவில் யாராவது ஒரு காய்ந்த துணியைத் தொங்கவிட்டார்கள்: ஒரு நாள் துண்டு, ஒரு நாள் பனியன், ஒரு நாள் தீதியின் தலையணை உறை. ஒரு காய்ந்த துணி அலையைக் கெடுக்காது. ஓவர்சியர் இரண்டு முறை தெருவோடு போனார். இரண்டு முறையும் எட்டிப் பார்த்து, துணியை எண்ணிவிட்டுப் போனார்.

குவார்ட்டர்ஸ் கேன்சல் ஆகவில்லை. கப்பல் வந்தது. அப்பா என் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்திருந்தார்.

மெட்ராஸ் பரீட்சை அறையில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். மேஜைமேல் மோர்ஸ் ஒலிக்கும் பஸ்ஸர் ஒன்று. அதிலிருந்து வந்த சத்தம் கோடு போட்டாற்போல் சுத்தமாக இருந்தது. கரகரப்பு இல்லை, ஆட்டம் இல்லை, நடுவில் அமிழ்ந்து போவதும் இல்லை. முதல் வார்த்தை தப்பிவிட்டது. எதுவும் அசையாத சத்தத்தைக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. இரண்டாவது வார்த்தையிலிருந்து பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு, பரீட்சை அதிகாரி தட்டுவதற்கும் நான் எழுதுவதற்கும் நடுவில் எனக்கு நேரம் மிஞ்சியது. தாளைப் பார்த்துவிட்டு, "யார் கற்றுக்கொடுத்தது? அப்பாவா, அண்ணனா?" என்று கேட்டார். "யாரும் இல்லை" என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். நான் இன்னொரு முறை சொன்னேன்.

பாஸ். போலீஸ் விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்து, கம்பியைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு பல மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது, எனக்கென்று ஒரு அழைப்புக் குறியோடு.

நானே கட்டிய டிரான்ஸ்மிட்டரை அதே கம்பியில்தான் இணைத்தேன். அனுப்பும்போது கம்பியைத் தொட்டால் விரல் சுடும் என்று வரிசையில் எல்லோரிடமும் சொன்னேன். நான் உட்காருமுன் ஜன்னலிலிருந்து குரல் கொடுப்பேன். "ஹாத் மத் லகானா, டிக் டிக் சாலு" என்று, கை வைக்காதீர்கள் என்று, தீதி பிள்ளைகளை விரட்டுவார்.

முதல் சில மாலைகள் யாரும் பதில் தரவில்லை. பிறகு ஒரு நாள், மெட்ராஸ் பக்கத்திலிருந்து ஒருவர் என் அழைப்புக் குறியைத் திருப்பித் தட்டினார். அவசரத்தில் முதல் பதிலைக் குழப்பிவிட்டேன். அவர் பொறுத்துக்கொண்டார். எந்த ஊர் என்றார். போர்ட் பிளேர் என்றேன். தன் ஊரில் நன்றாகக் கேட்கிறது என்றார், எவ்வளவு சக்தி என்று கேட்டார், சொன்னேன். பிறகு இந்த அமெச்சூர்கள் உலகத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்வி: உங்கள் ஏரியல் என்ன?

துணி காயப்போடும் கம்பி என்று தட்டினேன்.

பதிலுக்கு ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது. தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பார். ஜன்னல் வழியே பார்த்தேன். கம்பி நடுவில் அக்கா வீட்டுப் பனியன் ஒன்று தொங்கியது.

மறுபடியும் அதையே தட்டினேன், எழுத்து எழுத்தாக, இன்னும் நிதானமாக.