வாங்கினதா, பிடிச்சதா?

எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானையை மூடியிருக்கும் பித்தளை மூடி அந்தப் பானைக்குப் பொருந்தாது. ஒரு பக்கம் நசுங்கியது. காற்றடித்தால் தாளம் போடும். அதன் சொந்தத் தூக்குச்சட்டி அடி ஓட்டையாகிப் பாத்திரக்காரனிடம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மூடியை மட்டும் நான் கொடுக்கவில்லை. "சட்டியில்லாத மூடியை வெச்சிக்கினு இன்னா சாமி பண்ணப் போறீங்க?" என்று அவன் கேட்டான். இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் படித்தவனுக்குப் பாத்திரக்காரன் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் அந்த அலமாரிகளையும் அவனுக்கே போட்டிருக்கலாம்.

அந்த மூடியில்தான் பல வருஷம் எடைக் குமாஸ்தாவுக்கு என் சாப்பாட்டில் பங்கு வைத்தேன். அப்போது நான் ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் கடிதக் குமாஸ்தா. "தங்கள் புகார் கிடைத்தது, கறை எங்களுடையதல்ல" என்பதை நூறு விதமாக எழுதுவது என் உத்தியோகம். எனக்கும் எடைக் குமாஸ்தாவுக்கும் ஒரே அறை. என் பக்கம் மேஜை, அவர் பக்கம் ஆளுயரத் தராசு. தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை கிராமங்களிலிருந்து வண்டி வண்டியாக வரும். கனம் ஏறட்டும் என்று வழியில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். அவர் கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, "இன்னா ரெட்டியாரே, உங்க ஊர்ல மட்டும் மழையா?" என்று கேட்பார். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே கட்டைப் பிரித்து வெயிலில் போடுவார். அதே எடைக் குமாஸ்தா, முதலாளியின் மைத்துனர் எடைக்கல் தட்டில் கட்டைவிரலை வைத்தபோது, "விரலை எடுத்துடுங்க, அது எடைக்கல் கணக்குல வராது" என்றும் சொன்னவர். மிஷன் பள்ளியில் படித்தவர். பாதிரியார் பங்களாவிலேயே வளர்ந்ததால் இங்கிலீஷ் நாக்கிலே இருந்தது. என் இங்கிலீஷ் பேனாவோடு சரி.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. ஆறு நாள் சுண்ணாம்புக் குழி நாற்றத்தில் உட்கார்ந்து கறைக்குப் பதில் எழுதியவனுக்கு ஏழாம் நாள் வேண்டியது ஒன்றுதான்: பதில் எதிர்பார்க்காத ஏதாவது ஒன்றின் எதிரில் உட்கார்ந்திருப்பது. மனைவியும் மக்களும் அந்த வகையில் சேரமாட்டார்கள். ஆகவே பாலாற்றில் தண்ணீர் தேங்கி நிற்கும் மடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தூண்டில் போட ஆரம்பித்தேன். நான் படித்த புத்தகங்களில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்தவன் எல்லாம் ஞானியாகிவிடுகிறான். நான் உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. மீன் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்புவது ஒரு குடும்பத் தலைவனுக்கு அழகல்ல என்பதால் ரயில்வே கேட் அருகே கூடை வைத்திருக்கும் ஓர் அம்மாளிடம் கெண்டையோ விராலோ வாங்கிப்போய், பிடித்தேன் என்று சொல்லிவிடுவேன். அந்த அம்மாள் கெட்டிக்காரி. செதில் எடுத்து, குடல் நீக்கி, கழுவித் துண்டு போட்டே கொடுத்துவிடுவாள்.

சனிக்கிழமை அந்தக் குழம்பு தூக்குச்சட்டியில் ஷாப்புக்கு வரும். எடைக் குமாஸ்தாவுக்கு மீன் என்றால் உயிர். ஒரு சனிக்கிழமை, ஒரு வாய் போட்டுக்கொண்டு, "விராலு நல்லா இருக்கு சார். எங்க வாங்கினது?" என்றார். அறையில் தோல் தரம் பிரிக்கும் ஆட்கள் இரண்டு பேர் பீடிக்கு நெருப்பு வாங்க வந்து நின்றார்கள். ஆள் இருக்கும் இடத்தில் என் வாய் சும்மா இருக்காது.

"வாங்கறதா? பிடிச்சது. கை வலிக்க வலிக்க இழுத்தேன்."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். "எதுக்கு சார் பிடிச்சீங்க?"

"எதுக்குன்னா? சும்மாதான். வெள்ளிக்கிழமை பொழுது போகணுமே."

வாயில் இருந்ததை விழுங்கினார். விழுங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு மூடியை என் பக்கமாக மெல்ல நகர்த்தினார். "கோவிச்சிக்காதீங்க சார். பசிக்குப் பிடிச்சதுன்னா சாப்பிடுவேன், வித்துப் பொழைக்கப் பிடிச்சதுன்னாலும் சாப்பிடுவேன். சும்மாவுக்குப் பிடிச்சதை என்னால சாப்பிட முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆயிரக்கணக்கில் ஆட்டுத்தோல் காய்ந்துகொண்டிருந்தது. "ஏன்யா, நாம உட்கார்ந்திருக்கிற எடத்தைப் பார்த்துட்டுப் பேசு" என்றேன்.

"பார்த்துட்டுத்தான் பேசறேன். அந்த ஆட்டை எவனும் பொழுது போகலைன்னு அறுக்கல. கறிக்கு அறுத்தாங்க, மிச்சம் நமக்கு வந்துது. அது துடிக்கிறதைப் பார்க்கறதுதான் வேடிக்கைன்னு எவனும் பாயைப் போட்டு உக்காரல."

"உங்க சாமியோட முதல் ஆளுங்களே மீன்பிடிக்காரங்கதானே?"

"அது அவங்க தொழில் சார். அதையும் விட்டுட்டு வாங்கன்னுதானே கூப்பிட்டாரு?"

அன்று தொடங்கியது இந்தச் சங்கடம். அவர் உபதேசம் செய்திருந்தால் சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன். அவர் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மூடியைத் திறக்கும்போது மரியாதையாக ஒரே கேள்வி: "வாங்கினதா சார், பிடிச்சதா?" உண்மையைச் சொன்னால் அவர் சாப்பிடுவார், ஆனால் பிற்பகலுக்குள் ஷாப்பு முழுக்க என் வீரம் வெளுத்துவிடும். ஆகவே "பிடிச்சது" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தம் கத்தரிக்காயைப் பிசைவார். கூடைக்கார அம்மாளின் உத்தமமான மீனை, ஒரு தோஷமும் இல்லாத மீனை, நான் ஒருவனே குனிந்துகொண்டு தின்று தீர்ப்பேன். எதிரில் ஒருவர் வாசனை பிடித்துக்கொண்டு கத்தரிக்காய் தின்னும்போது எந்த விரால் இறங்கும்? வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. மனிதனுக்கு எதிரியால் வரும் களைப்பைவிட நல்லவனால் வரும் களைப்பு ஜாஸ்தி.

தோல் விலை சரிந்துகொண்டிருந்த ஒரு வருஷம், சென்னையிலிருந்து ஏஜென்ட் துரை சரக்குப் பார்க்க வந்தார். அவர் சரி என்றால் கப்பல் ஏறும், இல்லையென்றால் கொட்டகையிலேயே கிடக்கும். துரைக்குத் தூண்டிலில் பைத்தியம் என்று யாரோ சொல்ல, முதலாளி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். என்னைக் காட்டி, "இவரு இடம் காட்டட்டும். நீ துரையோட இங்கிலீஷ் பேச்சுக்குப் போ. வெள்ளிக்கிழமை மோட்டார் தர்றேன்" என்று எடைக் குமாஸ்தாவிடம் சொன்னார்.

"வேற எது சொன்னாலும் செய்யறேன் முதலாளி. இதுக்கு மட்டும் என்னை விட்டுடுங்க."

"ஏன்?"

அவர் காரணத்தைச் சொன்னார். முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காய்கிற தோல்களைப் பார்த்தார். "அரே, பேஜார் பண்ணாதே. அந்த ஆளு மொகம் சுளிச்சா இந்த ஷாப்புல பாதிக் குழி காஞ்சி போயிடும். போவலேன்னா சனிக்கிழமை நீ வர வேணாம்." வாசல்வரை போனவர் திரும்பி என்னிடம், "அந்த ஆளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார். புத்தி சொல்வதற்கு என்னைத் தேர்ந்தெடுத்த முதலாளி எப்படி வியாபாரத்தில் முன்னேறினார் என்பது இன்றும் ஆச்சரியம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று, "நீங்களாவது சொல்லுங்கண்ணா. மீனுக்காவ யாராவது வேலையை விடுவாங்களா?" என்றாள். நான் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். கடைசியில் அவர் சோர்ந்துபோய், "சரி, வர்றேன் சார். நின்னு பேச்சு மட்டும் சொல்றேன். ஆனா துரை என்னைக் கேட்டா மனசுல உள்ளதைத்தான் சொல்லுவேன்" என்றார். கேட்கமாட்டார், துரைகள் யாரையும் எதையும் கேட்பதில்லை என்று நான் உறுதி கொடுத்தேன்.

மறுநாள் துரையோடு போன இடம், ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஓடை, அதில் ஆழமான மடு. துரையின் தூண்டிலைப் பார்த்ததும் என் மூங்கில் கழியைப் பாறைக்குப் பின்னால் போட்டேன். அவர் தூண்டில் போட்ட சற்று நேரத்துக்கெல்லாம் பெரிய கெண்டை ஒன்று விழுந்தது. விளையாட்டுக் காட்டி, ஓடவிட்டு, இழுத்து, களைக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். தூண்டில் முள்ளைப் பிடுங்கினார். கையில் ஏந்தி அழகு பார்த்தார். பிறகு, தருமம் செய்கிறவர் முகத்தோடு அதைத் தண்ணீரிலேயே விட்டார். விட்டுவிட்டு எடைக் குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, "எப்படி?" என்று கேட்டார்.

கேட்டேவிட்டார்.

எடைக் குமாஸ்தா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு நிதானமான, சுத்தமான இங்கிலீஷில் அவர் சொன்னது இதுதான்: "தின்பதற்குக்கூட இல்லையா, ஐயா? அதன் வாய் கிழிந்துவிட்டதே. இனி அது எப்படித் தின்னும்?"

துரையின் கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல மேலே ஏறியது. பாதிக் குழி காய்வதும், பெண்ணுக்குப் பார்த்த வரன் கைநழுவுவதும், கதவோரம் நின்ற அந்த அம்மாளின் முகமும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. துரை என் பக்கம் திரும்பி, "நீயும் தூண்டில் போடுகிறவன்தானே, நீ என்ன சொல்கிறாய்?" என்றார். வேறு எதுவும் தோன்றாததால் என் உடைந்த இங்கிலீஷில் உண்மையைச் சொன்னேன். வருஷக்கணக்காகப் போடுகிறேன், இதுவரை ஒரு மீனும் என்னை நம்பவில்லை, ரயில்வே கேட்டில் வாங்கிக்கொண்டுபோய்ப் பிடித்ததாகச் சொல்கிறேன் என்றேன். துரை ஒரு கணம் விழித்தார். பிறகு தொப்பி கீழே விழும்படி சிரித்தார். சிரிப்பு நின்றபின் தூண்டிலை மறுபடி போடாமல் மடித்து வைத்தார்.

எடைக் குமாஸ்தா சிரிக்கவில்லை. பாறைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ அது வாங்கினதா சார்?"

"ஆமாம்."

"எல்லாமே?"

"எல்லாமேதான்."

"அந்த மாங்கா போட்ட விராலு?"

"அதுவும்."

"இன்னா சார் நீங்க!" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "எத்தினி சனிக்கிழமை! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆளு வாயை மூடிக்கினு இருந்தானா?" என்று கேட்டார். மீன் விஷயத்தில் எனக்கு நல்ல பழக்கம் இருந்ததால், "வாயே திறக்கலை முதலாளி" என்று தடங்கலில்லாமல் சொன்னேன். "காலையிலேயே வந்து எல்லாத்தையும் அவனே சொல்லிட்டான்" என்றார் முதலாளி. நான் காற்சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினேன். அவர் பெருமூச்சு விட்டார். "துரை சரக்கை எடுத்துக்கினாரு. அது போவட்டும். தராசுகிட்ட நிக்கறவன் அவனை மாதிரி இருக்கறது எனக்கு நல்லது, அவன் அங்கயே இருக்கட்டும். உங்களை மாதிரி ஆளு தராசு இருக்கற ரூம்ல எதுக்கு? வாலாஜாபேட்டைக் கிடங்குக்குக் கடுதாசி எழுத ஆள் வேணும்னாங்க. நீங்க போங்க."

அன்று மத்தியானம்தான் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது கடைசி. கேட்டில் வாங்கிய கெண்டை. அவர் வழக்கம்போல் கேட்டார், நான் "வாங்கினது" என்றேன், தரம் பிரிக்கும் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூடியில் வைத்ததை அவர் முள்ளை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் மூடியை நீட்டினார். அவர் வேலை நிலைத்தது. பெண்ணுக்கும் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. ஆம்பூரிலிருந்து வருகிறவர்கள், தராசடியில் இன்னும் அவர்தான் என்கிறார்கள்.

வாலாஜாபேட்டைக்கு வந்து சில மாதம் கழித்து ஒரு நாள், யார் செய்த பாவமோ, என் தூண்டிலில் நிஜமாகவே ஒரு கெண்டை விழுந்தது. முள்ளை எடுக்கும்போது அதன் வாயைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சொல்லைச் சொல்ல வேண்டிய இடம். "ஏது?" என்றாள் மனைவி. "வாங்கினது" என்றேன்.

அவள் மீனைப் புரட்டிப் பார்த்தாள். "இத்தினி வருஷமா செதில் எடுத்து, துண்டு போட்ட மீனைக் கொண்டாந்து பிடிச்சேன்னு சொன்னீங்க. இன்னிக்குச் செதிலோட கொண்டாந்து வாங்கினேன்றீங்க" என்றாள். அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

குழம்பை முதலில் மூடியில் எடுத்து வைத்தேன், பழக்கம். எதிரில் யாரும் இல்லை. மூடியை நகர்த்திவிட்டுக் கத்தரிக்காய் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கப்புறம் அந்த மூடியில் எதையும் வைக்கத் தோன்றவில்லை. பானைமேல் போட்டுவிட்டேன். தண்ணீரை வாங்கினதா, பிடிச்சதா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.