பேக்கியின் பெயரில் போன மெட்டு

அயர்லாந்தில் எங்கள் கில்டூரா கிராமத்தில் புது மெட்டுக் கட்டுகிறவர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டார். சொன்னால் மதுக்கடையில் கூடிப் பிடில் வாசிக்கிறவர்கள், "அடேயப்பா, துரை மெட்டெல்லாம் கட்டுறாரு!" என்று வாரம் முழுக்க ஓட்டுவார்கள். அதனால் செத்துப்போன கிழவர் யார் தலையிலாவது கட்டிவிடுவது வழக்கம்.

பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரி ஓட்டுநர் கோர்மக் டால்ட்டியும் அதைத்தான் செய்தார். ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து மதுக்கடையில் பிடிலை எடுத்துத் தன் புது மெட்டை வாசித்துவிட்டு, "நம்ம பேக்கி மெலிகன்கிட்ட கேட்டது" என்றார். பிடில்காரக் கிழவர் பேக்கி மண்ணுக்குள் போய் வருடங்கள் ஆகியிருந்தன. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். விடுமுறைக்கு வந்திருந்த டோனல் ஹோனும் ஆட்டினார்.

டோனல், கோர்மக்கோடு சேர்ந்து பிடில் பழகியவர். டப்ளினுக்குப் போய் 'ஈரக் கம்பளி' என்று ஒரு குழு வைத்திருந்தார். பழைய மெட்டுகளை டிரம்ஸ், பேஸ் கிடாரோடு, கேட்பவர் கால் தரையில் நிற்காதபடி வாசிப்பார்கள். அடுத்த வசந்தத்தில் வானொலியைத் திருகினால் அவர்கள் வாசித்த 'பேக்கி மெலிகனின் மெட்டு'தான்.

"மெட்டாய்யா இது? வாஷிங் மெஷின்ல கூழாங்கல்லப் போட்டு ஓட்டுன மாதிரி இருக்கு" என்று போகிற பண்ணையெல்லாம் சொல்லிவந்தார் கோர்மக். டோனலின் தோல் சட்டையைச் சொன்னார், தாடியைச் சொன்னார். அந்தப் பாட்டுக்குத் தன் சொந்த மனைவியே சமையலறையில் ஆடியதை மட்டும் சொல்லவில்லை. அதை அவர் மனைவியே ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் எங்கள் பண்ணையில் பால் குழாயை மாட்டிக்கொண்டே என்னைப் பிடித்தார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்கு உள்ள பெருமை ஊருக்கே தெரியும்.

"ஏம்ப்பா, படிச்சவன்தானே நீ. அந்த மெட்டு நான் கட்டுனது. அதை நிரூபிக்க சட்டத்துல வழி இருக்கா?"

"நான் படிச்சது வரலாறு, கோர்மக்."

"அப்ப நல்லதாப் போச்சு. நடந்ததை எழுதிக் குடு."

"நடந்தது என்ன? பேக்கிகிட்ட கேட்டதுன்னு நீங்கதானே ஊருக்குச் சொன்னீங்க?"

குழாயை ஓர் உதை உதைத்தார்.

ஆகஸ்டில் ஊர்த் திருவிழா. மாட்டுச்சந்தைத் திடலில் மேடை. டோனல் ஒலிபெருக்கியில், "இது நம்ம பேக்கி தந்த மெட்டு!" என்றதும் திடல் குதித்தது. வாசித்து முடித்தபோது முன்வரிசையில் பேக்கியின் மகள் அட்ராக்டா கண்ணைத் துடைத்தாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில அப்பா அடுப்படியில இதைத்தான் வாசிப்பாரு. நல்லா ஞாபகம் இருக்கு."

கோர்மக்கால் தாங்க முடியவில்லை. "உங்கப்பாவுக்கு இதோட ரெண்டாம் பகுதி விரல்லயே வராது, அட்ராக்டா! இதை நான் கட்டுனேன். நான்!"

கறிக்கடைக்காரர் சென்னன்தான் முதலில் சிரித்தார். "டோனல் மேல எரியிறது பத்தலன்னு இப்ப செத்த மனுஷன் மேலயுமா?"

"அவர் சொல்றது நிஜம்தான்" என்றேன். என் பட்டத்துக்கு அன்று அங்கே மதிப்பில்லை. டோனல் இறங்கி வந்து கோர்மக்கின் தோளில் கைபோட்டு, "உனக்கும் ஒருநாள் மேடை குடுக்கிறேன்டா" என்றார். சிரிப்பைவிட அது மோசம்.

அடுத்த ஞாயிறு மதுக்கடையில், என்னிஸ் நகரத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி அதே மெட்டைத் தொடங்கினாள், டோனலின் வேகத்தில். தொடங்கியவர் வேகம்தான் மற்றவர்களுக்கும். கோர்மக் பிடில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தன் மெட்டைத் தன்னை விட்டுவிட்டு எட்டுப் பேர் வாசிப்பதை எவ்வளவு நேரம் பார்ப்பது? சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் அவள் சாய்ந்து, "நல்லா வாசிக்கிறீங்க. ரெண்டாம் பகுதி கடைசியில மட்டும் தப்புது. கீழ இறங்கக் கூடாது, மேல போகணும். டோனல் வாசிக்கிறதக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

கடையில் எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள். கோர்மக்கின் காது சிவந்தது. "இன்னொரு தடவை எடும்மா" என்றார்.

எடுத்தாள். அந்த இடம் வந்தது. கோர்மக் மேலே போனார்.

வில்லை இறக்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நாசமாப் போறவன். அதுதான்டா நல்லா இருக்கு."