பிள்ளையாருக்கு மேலாகப் பறந்த காலை

1967 மாசி மாதம், காலை ஏழு இருபதுக்கு, மயிலிட்டிக் கடலுக்கு மேல் நான் வழி தவறினேன். சிறு விமானத்தில் தனியாக இருந்தேன். மேலும் கீழும் வெள்ளை மூடுபனி. பெற்றோல் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. அழுதேன். அதை மறைக்கமாட்டேன், அடியார்களே.

விமானி உரிமத்துக்கான கடைசித் தனிப் பறப்பு அது. கரையோரமாக வந்து, வெளிச்சவீடு தாண்டி, எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு மேலாகத் தெற்கே திரும்பினால் நேரே ஓடுபாதை. அதுதான் ஆசிரியர் சொன்ன வழி. நான் அப்படி வருவதில்லை. தனியாகப் பறக்கத் தொடங்கிய முதல் நாளே கோயில் மனேச்சர் கந்தையா அண்ணை மறித்துவிட்டார்.

"தம்பி, சாமிக்கு மேலாலை போவியோ? உன்ரை சில்லு கலசத்திலை முட்டினா ஆர் கும்பாபிஷேகம் செய்யிறது?"

"காகம் கலசத்திலேயே இருக்குது, அண்ணை."

"காகம் லைசென்ஸ் கேட்டுத் திரியேல்லையடா!"

சிரித்தேன். ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து கோயிலுக்கு மேலாகப் போகாமல், கடல்பக்கம் வளைந்து சுற்றியே இறங்கினேன். ஆசிரியருக்கும் சொல்லவில்லை. அன்று அப்படி வளைந்தபோதுதான் பனிக்குள் புகுந்தேன். சுற்றிச் சுற்றித் திசை கெட்டது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். தோணி என்றால் பாயை இறக்கிவிட்டுப் பனி விலகக் காத்திருக்கலாம். விமானத்தை எங்கே நிறுத்துவது?

வாய்விட்டுக் கத்தினேன். "பிள்ளையாரே, உனக்கு மேலாலை போகக் கூடாதெண்டுதானே சுத்தினனான்? இப்ப நீயே வழி காட்டு!"

பனி சற்றே கலைந்த இடத்தில் ஒரு பொன் முனை தெரிந்தது. கலசம். விமான மூக்குக்கு நேரே, சற்றுக் கீழே. விலகினால் மறுபடி பனி. விலகவில்லை. கைகூப்ப முடியாது, கைகள் விமானத்தைத் திருப்பும் பிடியில். "அப்பனே, வாறன்" என்று அதற்கு மேலாகவே தெற்கே போனேன். வயல்பக்கம் பனி கரைந்திருந்தது. ஓடுபாதை தெரிந்தது. ஏழு முப்பத்தொன்றுக்குச் சில்லு தரையைத் தொட்டது.

ஆசிரியர் ஓடிவந்தார். "எங்கை ஐசே போனீர்?"

"பிள்ளையாரைச் சுத்தப் போனனான், சேர்."

"இனிமேல் நடந்துபோய்ச் சுத்தும்!"

வெள்ளிக்கிழமை தேங்காய் உடைக்கப் போனேன். கந்தையா அண்ணை வாசலில் நின்றார். "மேலாலை வந்தனியாமே?"

"ஓம் அண்ணை. அவர்தான் கூப்பிட்டவர்."

அண்ணை உள்ளே போனார். தேங்காயைத் தானே எடுத்துத் தந்தார்.

வைகாசியில் உரிமம் கிடைத்தது. காற்றுப் பனியைக் கலைத்தது, அவ்வளவுதான் என்கிறார்கள் படித்த நண்பர்கள். கலைக்கட்டும். நான் கூப்பிட்ட பிறகுதானே கலைத்தது? சாமிக்குற்றம் என்கிறார்கள் வேறு சிலர். அவர்களுக்கும் என் பறப்புப் பதிவேட்டைக் காட்டுவேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் எதிரே, "கோயிலுக்கு மேலாக" என்றே எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூடச் சுற்றவில்லை.

பயந்து விலகி நிற்கிறவர்களே, நீங்களும் அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு நேரே போங்கள். அவருக்கு மேலே போய்விடுவோம் என்று அஞ்ச வேண்டாம். அவ்வளவு உயரத்துக்கு ஏற எந்த விமானத்தாலும் முடியாது.