பெரியப்பாவின் அடுத்த ஸ்டாப்

இன்று தேனியிலிருந்து போடி வரும் பஸ்ஸில் வயதான அம்மா ஒருவர் பையோடு ஏறினார். எழுந்துகொண்டேன்.

"ஒக்காருங்காத்தா. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இது செத்துப்போன எங்கள் பெரியப்பாவின் பொய்.

எண்பதுகளில், ஏலக்காய் பறித்துவிட்டு மலையிலிருந்து ஜீப்பில் திரும்பும் பெண்களுக்கு இதைச் சொல்லித்தான் இடம் கொடுப்பார். அப்புறம் போடி வரைக்கும் பின்னால் தொங்கிக்கொண்டே வருவார். நடுக்காட்டில் ஏது ஸ்டாப் என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பு, இன்னுமா ஒன் ஸ்டாப்பு வரல?"

சிரித்துக்கொண்டே பையை மடியில் வைத்து, பாதி சீட்டை எனக்கு விட்டார்.

பெரியவர்கள் விட்டுப்போன பொய்யை இவ்வளவு சீக்கிரம் கெடுத்தவர்கள் வேறு யாராவது இங்கே உண்டா?